தாயும் சரி, சேயும் சரி, அப்புறம் பக் எங்கே? இன்ஹெரிட்டன்ஸ் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட் ரிவ்யூவில் உட்காரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸின் ஃபீல்டுகளையும் (மதிப்புகளை வைத்திருப்பவை) மெத்தடுகளையும் (வேலை செய்பவை) அப்படியே வாங்கிக்கொள்வதுதான் இன்ஹெரிட்டன்ஸ். கொடுக்கும் பேஸ் கிளாஸைத் தாய் என்றும், அதை இன்ஹெரிட் செய்யும் கிளாஸைச் சேய் என்றும் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஜாவாவை மனதில் வைத்தவை. நடத்தை மாறுகிற இடங்களில் மட்டும் மற்ற மொழிகளைத் தொட்டிருக்கிறேன்.

மற்ற பக்குகளிலிருந்து இவை எந்த விதத்தில் வேறு?

சாதாரண பக் ஒரு வரியில் உட்கார்ந்திருக்கும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருப்போம், லூப் ஒரு சுற்று அதிகமாக ஓடியிருக்கும். வரியைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. தாய் கிளாஸைத் தனியாகப் படித்தால் குறை சொல்ல முடியாது, சேயைப் படித்தாலும் அதே கதைதான். இரண்டுக்கும் நடுவில் யாரும் எழுதிவைக்காத ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: "இந்த ஃபீல்டை நான் மட்டும்தான் மாற்றுவேன்", "இதைக் கூப்பிடும் முன் அதைக் கூப்பிட்டிருப்பார்கள்", "இந்த மெத்தட் உள்ளுக்குள் அந்த மெத்தடைக் கூப்பிடும்". இது மீறப்படும்போதுதான் பிழை பிறக்கிறது. எழுதாத ஒப்பந்தம் என்பதால் கம்பைலருக்கும் தெரியாது, ரிவ்யூ செய்பவருக்கும் தெரியாது.

போதாக்குறைக்கு, நாம் படிக்கும் இடம் ஒன்று, ஓடும் இடம் வேறு. 'அனுப்பு' என்ற அழைப்பைத் திரையில் பார்க்கிறோம், ஆனால் எந்த கிளாஸின் 'அனுப்பு' என்பது ஓடும்போதுதான் முடிவாகிறது. ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் நார்வேயில் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே இந்த வசதி வந்துவிட்டது. தொல்லையும் கூடவே வந்துவிட்டது.

2001-இல் ஜெஃப் ஆஃபட்டும் சக ஆய்வாளர்களும் இந்தப் பிழைகளை வகை பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். அதைப் படித்தால் ஒன்று கண்ணில் படும்: பெரும்பாலான வகைகள் ஆப்ஜெக்டின் நிலை, அதாவது ஃபீல்டுகளில் இருக்கும் மதிப்புகள், தாய்க்கும் சேய்க்கும் இடையில் குழம்பிப்போவதைப் பற்றியவை. என் அனுபவமும் அதுதான்.

ஓவர்ரைட் செய்தேன். ஆனால் என் மெத்தட் ஓடவே மாட்டேன் என்கிறது. ஏன்?

தாயின் மெத்தடை ஓவர்ரைட் செய்ததாக, அதாவது அதன் இடத்தில் உங்களுடையதை வைத்ததாக நினைத்திருப்பீர்கள், உண்மையில் புதிதாக ஒரு மெத்தட் எழுதியிருப்பீர்கள். பெயரில் ஒரு எழுத்து, ஆர்குமெண்டின் டைப், சி++ என்றால் ஒரு 'கான்ஸ்ட்', இதில் ஏதாவது ஒன்று தாயோடு ஒத்துப்போகாவிட்டால் போதும். பிழைச் செய்தி எதுவும் வராது. உங்கள் மெத்தட் கூப்பிட ஆளில்லாமல் நிற்கும், தாயின் மெத்தட் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் பிரபலமானது, இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று பார்க்கும் ஜாவாவின் 'ஈக்வல்ஸ்'. ஆர்குமெண்ட் 'ஆப்ஜெக்ட்' டைப்பில் இருக்க வேண்டும், பலர் தங்கள் கிளாஸின் டைப்பையே போட்டுவிடுவார்கள். இரண்டு வேரியபிள்களை நேராக ஒப்பிட்டால் சரியாக வேலை செய்யும். ஒன்றை ஒரு லிஸ்டில் போட்டு, மற்றது அதில் இருக்கிறதா என்று 'கன்டெய்ன்ஸ்' கேட்டால் இல்லை என்று வரும், ஏனென்றால் லிஸ்ட் கூப்பிடுவது 'ஆப்ஜெக்ட்' வாங்கும் ஈக்வல்ஸை. நேரில் உண்டு, லிஸ்டில் இல்லை!

நான் பட்டது வேறு மாதிரி. நாங்கள் பயன்படுத்திய ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பில், வேலை முடிந்ததும் கூப்பிடப்படும் மெத்தடின் பெயரைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். எங்கள் சேய் கிளாஸில் பழைய பெயர் அப்படியே இருந்தது. கம்பைல் ஆனது, டெஸ்ட் பாஸ் ஆனது. தற்காலிக ஃபைல்களை அழிக்கும் வேலை மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோனது. மூன்று வாரம் கழித்து சர்வரின் டிஸ்க் நிறைந்தபோதுதான் தெரிந்தது. ஒரே ஒரு 'ஓவர்ரைட்' குறி போட்டிருந்தால் அப்டேட் செய்த நிமிடமே கம்பைலர் கத்தியிருக்கும்.

ஜாவாவில் அந்தக் குறி 2004-இல், ஐந்தாம் பதிப்பில் வந்தது. சி++ மொழியில் 2011 தரத்தில் வந்தது. இரண்டிலும் அது கட்டாயமில்லை. போடாமல் விட ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கன்ஸ்ட்ரக்டருக்குள் ஓவர்ரைட் ஆகக்கூடிய மெத்தடைக் கூப்பிடாதே என்கிறார்கள். அப்படி என்ன ஆகிவிடும்?

ஒரு உதாரணத்தை வரி வரியாக ஓட்டிப் பார்ப்போம். தாய் கிளாஸ் 'அறிக்கை'. அதன் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி, 'தயார்செய்' என்ற மெத்தடைக் கூப்பிடுகிறது. சேய் 'மாத அறிக்கை'. அதில் இரண்டு ஃபீல்டுகள்: 'வரம்பு', ஆரம்ப மதிப்பு 10, 'தலைப்பு', ஆரம்ப மதிப்பு நல் (null, அதாவது எதுவும் இல்லை). சேய் 'தயார்செய்'யை ஓவர்ரைட் செய்து, வரம்பைப் படித்து, தலைப்பில் ஒரு வாக்கியத்தை எழுதுகிறது.

புதிதாக ஒரு மாத அறிக்கையை உருவாக்குங்கள். ஜாவா முதலில் எல்லா ஃபீல்டுகளையும் பூஜ்யம், நல் என்று துடைத்து வைக்கும். அடுத்து தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும். அது தயார்செய்யைக் கூப்பிடும். ஆப்ஜெக்ட் மாத அறிக்கை என்பதால் சேயின் தயார்செய் ஓடும். அந்த நொடியில் வரம்பு 10 இல்லை, 0. தலைப்பில் "0 வரிகள்" என்று எழுதப்படுகிறது. சரி, தலைப்பாவது நிற்கிறதா? அதுவும் இல்லை. தாயின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் சேயின் ஆரம்ப மதிப்புகள் போடப்படும். வரம்பு 10 ஆகிறது, இப்போதுதான் எழுதிய தலைப்பு மறுபடி நல் ஆகிறது. டீபகரில் தலைப்பு எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள், அடுத்த கணம் காணாமல் போயிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. 'தலைப்பு' என்று மட்டும் அறிவித்து, 'நல்' என்று எழுதாமல் விட்டிருந்தால் மதிப்பு அழிந்திருக்காது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து ஒருவர் அழகுக்காக அந்த நல்லைச் சேர்ப்பார், புரோகிராம் உடையும். அதேபோல் வரம்பை 'ஃபைனல்' (மாற்ற முடியாதது) ஆக்கியிருந்தால் கம்பைலர் 10 என்ற எண்ணை நேரடியாகப் பதித்துவிடும், பிழையின் ஒரு பாதி மறைந்துவிடும். இப்படி ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நடத்தை மாறுவதால்தான் இந்த பக்கைப் பிடிப்பது அவ்வளவு எரிச்சல்.

மொழிக்கு மொழி கதை மாறும். சி++ மொழியில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது ஆப்ஜெக்ட் இன்னும் தாயாகவே கருதப்படும், அதனால் தாயின் மெத்தட்தான் ஓடும். சி#-இல் சேயின் ஃபீல்டுகளுக்கு அறிவிப்பிலேயே கொடுத்த மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே போடப்பட்டுவிடும், ஆனால் சேயின் கன்ஸ்ட்ரக்டர் உடல் இன்னும் ஓடியிருக்காது. பைத்தானில் தாயின் கன்ஸ்ட்ரக்டரை நாமே கூப்பிட வேண்டும். மறந்தால் உடனே எதுவும் ஆகாது, எங்கோ தொலைவில் அந்த ஆட்ரிபியூட் இல்லை என்று எர்ரர் வரும். 2025-இல் வந்த ஜாவா 25-இல் தாயின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் முன்பே சேய் தன் ஃபீல்டுகளை நிரப்பிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். ஆனால் பழைய கோட் தானாகத் திருந்தாது.

தாயின் ஃபீல்டுகளைச் சேய் நேரடியாகத் தொடலாமா? அதற்குத்தானே 'புரொடெக்டட்' இருக்கிறது?

இருக்கிறது. ஒரு ஃபீல்டைச் சேயும் தொடலாம் என்று அனுமதிக்கும் குறி அது. எனக்கு அது பிடிக்காது. காரணத்தை ஒரு செய்தி வரிசையை வைத்துச் சொல்கிறேன். தாயிடம் ஒரு லிஸ்டும் 'அளவு' என்ற எண்ணும் இருக்கின்றன. 'சேர்' கடைசியில் போட்டு அளவை ஒன்று கூட்டும். 'எடு' அளவு பூஜ்யமா என்று பார்த்து, இல்லையென்றால் முதலில் இருப்பதை எடுத்து அளவை ஒன்று குறைக்கும். சேய் எழுதியவர் 'அவசரமாகச் சேர்' என்று ஒரு மெத்தட் கூட்டுகிறார். லிஸ்ட் புரொடெக்டட், செய்தியை நேராகத் தலையில் செருகிவிடுகிறார். அளவு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

சாதாரணச் செய்தி மூன்று, அவசரச் செய்தி ஒன்று. லிஸ்டில் நான்கு இருக்கின்றன, அளவு மூன்று. முதல் 'எடு'வில் அவசரச் செய்தி வருகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்து இரண்டு சாதாரணச் செய்திகள். நான்காவது முறை கேட்டால் "காலி". கடைசிச் செய்தி உள்ளேயே மாட்டிக்கொண்டது. மறுநாள் புதிதாக ஒன்றைச் சேர்த்து எடுத்தால் நேற்றையது வெளியே வரும், இன்றையது மாட்டிக்கொள்ளும். புகார் எப்படி வரும் தெரியுமா? "செய்தி ஒரு நாள் தாமதமாக வருகிறது." உடனே எல்லோரும் நெட்வொர்க்கைத் தோண்டப் போவார்கள்.

டெஸ்டில் ஏன் மாட்டவில்லை? அவசரச் செய்தியை மட்டும் போட்டு எடுத்திருந்தால் அளவு பூஜ்யம் என்பதால் உடனே மாட்டியிருக்கும். ஆனால் அவசரம் முந்துகிறதா என்று சோதிப்பவர், முந்துவதற்கு ஏற்கெனவே சில செய்திகளைப் போட்டுவைத்துத்தானே சோதிப்பார்? முதலில் வந்ததா, வந்தது, பாஸ்.

தாயில் இருக்கும் அதே பெயரில் சேயிலும் ஒரு ஃபீல்ட் வைத்தால்?

இரண்டு தனி ஃபீல்டுகள் ஒரே ஆப்ஜெக்டில் இருக்கும். ஜாவாவில் மெத்தட்தான் ஓவர்ரைட் ஆகும், ஃபீல்ட் ஆகாது, ஸ்டாட்டிக் மெத்தடும் ஆகாது. சேயின் மெத்தட் சேயின் ஃபீல்டில் எழுதும், தாயிடமிருந்து வந்த மெத்தட் தாயின் ஃபீல்டைப் படிக்கும். பைத்தானில் இதற்கு நேர் எதிர்: ஒரே பெயர் என்றால் ஒரே ஆட்ரிபியூட், ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார். அதற்காகத்தான் இரண்டு அண்டர்ஸ்கோரில் தொடங்கும் பெயர்களோடு கிளாஸ் பெயரை ஒட்டிவிடும் ஏற்பாடு அங்கே இருக்கிறது.

சேய் கிளாஸில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தாயை அப்டேட் செய்ததும் உடைந்துவிட்டது. இது எப்படி?

இதைப் பலவீனமான தாய் கிளாஸ் சிக்கல் என்பார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் உள்ளவற்றிலேயே ஆபத்தானது இதுதான்.

'சேமிப்பான்' என்று ஒரு கிளாஸ். 'சேமி' ஒரு பதிவை எழுதும். 'மொத்தமாகச் சேமி' ஒரு பட்டியலை வாங்கி, உள்ளுக்குள் ஒவ்வொன்றுக்கும் 'சேமி'யைக் கூப்பிடும். நீங்கள் 'ரகசியச் சேமிப்பான்' எழுதுகிறீர்கள், என்கிரிப்ட் செய்துவிட்டு எழுத வேண்டும். 'சேமி'யை மட்டும் ஓவர்ரைட் செய்கிறீர்கள். மொத்தமாகச் சேமிப்பதும் அதன் வழியே போவதால் எல்லாம் என்கிரிப்ட் ஆகிறது. சோதித்தும் பார்த்துவிட்டீர்கள்.

ஆறு மாதம் கழித்து தாயைப் பராமரிப்பவர் வேகத்துக்காக 'மொத்தமாகச் சேமி'யை மாற்றுகிறார். ஒவ்வொன்றாகக் கூப்பிடாமல் நேரடியாக ஒரே மூச்சில் எழுதுகிறது. அவருடைய டெஸ்ட் எல்லாம் பாஸ். வெளியிலிருந்து பார்த்தால் நடத்தை கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து உங்கள் பதிவுகள் மொத்தமாகப் போகும்போது என்கிரிப்ட் ஆகாமல், திறந்த வீடு போல உள்ளே போகின்றன. எர்ரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை.

எச்சரிக்கையாக இரண்டையும் ஓவர்ரைட் செய்திருந்தால்? மொத்தமாகச் சேமிப்பதில் ஒரு முறை என்கிரிப்ட் செய்து தாயிடம் கொடுப்பீர்கள், தாய் திரும்ப உங்கள் 'சேமி'யைக் கூப்பிடும், அது மறுபடி என்கிரிப்ட் செய்யும். இரண்டு பூட்டு. இந்தப் பக்கம் போனாலும் அடி, அந்தப் பக்கம் போனாலும் அடி.

இது கற்பனை உதாரணம் என்று தள்ளிவிட வேண்டாம். பெயருக்கு ஒரு மதிப்பு என்று ஜோடியாக வைத்திருக்கும் பைத்தானின் 'டிக்ட்' கிளாஸை இன்ஹெரிட் செய்து, மதிப்பைப் போடும் மெத்தடை ஓவர்ரைட் செய்து பாருங்கள். 'அப்டேட்' மெத்தட் அதைக் கண்டுகொள்ளாது, நேராக உள்ளே எழுதிவிடும். 'யூசர்டிக்ட்' என்று ஒரு கிளாஸ் தனியாக இருப்பது இதற்கு உதவும். அதில் எல்லாம் உங்கள் மெத்தட் வழியாகவே போகும்.

தாயை எழுதுபவர் செய்யக்கூடியது: எந்த மெத்தட் எதைக் கூப்பிடும் என்பதை ஆவணத்தில் எழுதி, அதற்குக் கட்டுப்பட வேண்டும். முடியாதென்றால் கிளாஸையே 'ஃபைனல்' ஆக்கி, யாரும் இன்ஹெரிட் செய்ய முடியாதபடி பூட்டிவிடலாம்.

லிஸ்கோவ் விதி வகுப்பறைச் சமாச்சாரம்தானே? நடைமுறையில் யார் பார்க்கிறார்கள்?

பார்க்காததால்தான் இவ்வளவு பக். பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஓர் உரையில் சொன்னதை, 1994-இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து கறாராக எழுதினார். சாரம் எளிது: தாயை எதிர்பார்க்கும் கோடிடம் சேயைக் கொடுத்தால், அந்தக் கோட் தாயைப் பற்றி நம்பியது எதுவும் பொய்யாகக் கூடாது. தாய் வாங்கிக்கொண்டதைச் சேய் மறுக்கக் கூடாது, தாய் வாக்குக் கொடுத்ததைச் சேய் குறைக்கக் கூடாது.

ஜாவாவின் சொந்த லைப்ரரியே இதில் சறுக்கியிருக்கிறது. 'ஸ்டாக்' கிளாஸ் 'வெக்டர்' கிளாஸின் சேய், அதனால் ஸ்டாக்கின் நடுவில் ஒன்றைச் செருக முடியும். ஸ்டாக் என்றால் மேலே வைத்து மேலிருந்தே எடுக்க வேண்டும், அப்புறம் அது என்ன ஸ்டாக்? 'ப்ராபர்ட்டீஸ்' கிளாஸ் 'ஹாஷ்டேபிள்' கிளாஸின் சேய், அதில் ஸ்ட்ரிங் அல்லாததையும் போடலாம். ஃபைலில் சேமிக்கும்போதுதான் வெடிக்கும். 'டைம்ஸ்டாம்ப்' கிளாஸ் 'டேட்' கிளாஸின் சேய். டேட்டிடம் "இது உனக்குச் சமமா" என்று கேட்டால் ஆம் என்று வரலாம், டைம்ஸ்டாம்பிடம் அதையே திருப்பிக் கேட்டால் எப்போதும் இல்லை என்றுதான் வரும். இதை அந்த கிளாஸின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஏற்கெனவே கோடிக்கணக்கான வரிகள் அவற்றை நம்பி இருப்பதால் இனி மாற்றவும் வழியில்லை.

கம்பைலர் டைப்பைச் சரிபார்க்கிறதே, அதையும் தாண்டியா?

தாண்டும். ஜாவாவில் ஸ்ட்ரிங் அரேயை ஆப்ஜெக்ட் அரே என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு எண்ணைப் போட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஓடும்போதுதான் எக்ஸெப்ஷன் வரும். இன்னொன்று ஓவர்லோட். ஒரே பெயரில் தாயை வாங்கும் மெத்தட் ஒன்று, சேயை வாங்கும் மெத்தட் ஒன்று இருந்தால், எது என்பதைக் கம்பைலர் வேரியபிளின் டைப்பைப் பார்த்தே முடிவு செய்துவிடும். உள்ளே இருப்பது சேய்தான் என்றாலும், வேரியபிள் தாய் டைப் என்றால் தாயை வாங்குவதே ஓடும். ஓவர்ரைட் ஓடும்போது முடிவாகும், ஓவர்லோட் கம்பைல் ஆகும்போதே முடிவாகும். இரண்டையும் ஒரே பெயரில் கலந்தால் நடப்பதை யூகிக்க ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

சி++ எழுதுகிறேன். எனக்கென்று தனியாக ஏதாவது?

ஏராளம். மூன்று மட்டும். தாய் டைப்பில் மதிப்பாக வாங்கும் ஃபங்ஷனுக்குச் சேயைக் கொடுத்தால், சேயின் பகுதி வெட்டப்பட்டு தாயின் பகுதி மட்டும் நகலாகும். எக்ஸெப்ஷனை மதிப்பாகப் பிடித்தாலும் இதே வெட்டு. தாயின் டெஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடுவது) 'வெர்ச்சுவல்' (சேய் ஓவர்ரைட் செய்யக்கூடியது) இல்லாமல், தாய் பாயிண்டர் வழியாகச் சேயை டெலீட் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியே உத்தரவாதம் தராது. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: டிஃபால்ட் ஆர்குமெண்ட், அதாவது கூப்பிடுபவர் மதிப்பு தராவிட்டால் தானாகப் போடப்படுவது. தாயில் 1, சேயில் 5 என்று வைத்து, தாய் பாயிண்டர் வழியே கூப்பிட்டால் சேயின் உடல் ஓடும், ஆனால் தாயின் 1 உள்ளே போகும்.

பைத்தானில் பல தாய்கள் இருந்தால்?

எந்த வரிசையில் தேடுவது என்பதற்கு 2.3 பதிப்பிலிருந்து சி3 என்ற முறை இருக்கிறது, அதனால் குழப்பம் வரிசையில் இல்லை. 'சூப்பர்' என்பது தாயைக் குறிப்பதாக நினைப்பதில்தான் இருக்கிறது. அது அந்த வரிசையில் அடுத்து நிற்பவரைக் குறிக்கும், அவர் உங்களுக்கு உறவே இல்லாத கிளாஸாகவும் இருக்கலாம். நடுவில் ஒருவர் சூப்பரைக் கூப்பிட மறந்தால், அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் சத்தமில்லாமல் விடுபட்டுப்போவார்கள்.

இப்படிப்பட்ட கோடைப் படிக்கவே தலை சுற்றுகிறது. எனக்குத்தான் இப்படியா?

இல்லை. 1989-லேயே இதற்கு யோயோ சிக்கல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மெத்தட் எங்கே இருக்கிறது என்று தேடி மேலே போவோம், அது கூப்பிடுவது கீழே ஓவர்ரைட் ஆகியிருக்கும், அங்கிருந்து 'சூப்பர்' மறுபடி மேலே தள்ளும். நான் செய்வது ஒன்றுதான்: கோடைப் படிப்பதை நிறுத்திவிட்டு, டீபகரில் நிறுத்தி ஆப்ஜெக்டின் உண்மையான கிளாஸ் எது என்று பார்ப்பேன். பேப்பரில் தாயையும் சேயையும் இரண்டு பத்தியாகப் போட்டு, எந்த மெத்தட் எந்த ஃபீல்டை எழுதுகிறது, எது படிக்கிறது என்று குறிப்பேன். ஒரு பத்தியில் எழுதுபவர் மாறி, இன்னொரு பத்தியில் படிப்பவர் மாறாமல் நிற்கும் வரியில் பக் பெரும்பாலும் மாட்டும்.

தாயின் மெத்தடை ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது. சேயில் மறுபடி சோதிக்க வேண்டுமா?

வேண்டும். சேய் தொடாத மெத்தடையும் சோதிக்க வேண்டும். டுவெய்ன் பெர்ரியும் கெயில் கைசரும் 1990-லேயே இதை வாதிட்டுக் காட்டினார்கள்: இன்ஹெரிட் ஆன மெத்தட் புதிய சூழலில் ஓடுகிறது, பழைய சோதனை அந்தச் சூழலைப் பார்த்ததே இல்லை. மேலே சொன்ன செய்தி வரிசையில் உடைந்தது சேய் தொடவே தொடாத 'எடு' என்பதைக் கவனியுங்கள்.

நடைமுறையில் எளிய வழி, தாயின் டெஸ்டுகளை ஒரு அப்ஸ்ட்ராக்ட் டெஸ்ட் கிளாஸில் எழுதுவது. ஆப்ஜெக்டை உருவாக்கும் வேலையை மட்டும் சேய் டெஸ்டுகளுக்கு விட்டுவிடுங்கள். புதிதாக ஒரு சேய் வந்தால் தாயின் டெஸ்ட் அனைத்தும் அதன் மீதும் ஓடும். அங்கே ஏதாவது ஒன்று ஃபெயில் ஆகி, "இந்தச் சேய்க்கு இந்த டெஸ்ட் பொருந்தாது" என்று யாராவது அதை ஸ்கிப் செய்யச் சொன்னால் உஷாராகுங்கள், லிஸ்கோவ் சொன்னது அந்த இடம்தான். இதோடு, மெத்தடுகளைத் தனித்தனியாக இல்லாமல் ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டும் பாருங்கள், தாயுடையது ஒன்று, சேயுடையது ஒன்று.

அப்படியானால் இன்ஹெரிட்டன்ஸையே விட்டுவிடலாமா?

கோ, ரஸ்ட் மொழிகளில் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே கிடையாது, அவற்றிலும் பெரிய மென்பொருள்கள் ஓடுகின்றன. கோட்லினில் 'ஓபன்' என்று சொன்னால்தான் கிளாஸை இன்ஹெரிட் செய்ய முடியும். ஜாவா 2021-இல் 17-ஆம் பதிப்பில், யார் யார் சேயாகலாம் என்று பெயர் சொல்லிப் பூட்டும் 'சீல்டு' கிளாஸைக் கொண்டுவந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது. எந்தெந்த மெத்தடுகள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடும் இன்டர்ஃபேஸை நான் தாராளமாகப் பயன்படுத்துவேன். கோடை மறுபயன்பாடு செய்வதற்காக மட்டும் ஒரு கிளாஸை இன்ஹெரிட் செய்ய மாட்டேன், அதை ஒரு ஃபீல்டாக உள்ளே வைத்து வேலை வாங்குவேன். ரகசியச் சேமிப்பானை அப்படி எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் சேமிப்பான் எதை எப்படிக் கூப்பிட்டாலும் அதன் கைக்குப் போவது என்கிரிப்ட் ஆன பதிவு மட்டும்தான்.